பார்வைக்கு வைத்த ஃபிரிட்ஜ்

"அப்ப நீங்க தொடவே மாட்டீங்க?"

"சொன்னா தொடுவேன்."

"சொல்லிட்டுத்தானே இருக்கேன். உதவி பண்ணுங்கன்னு வாய் வலிக்கக் கேட்டாச்சு."

"உதவின்னா எதும்மா? பை பிடிக்கணுமா, தண்ணி ஊத்தணுமா, துணி பிழியணுமா? எந்த மாடின்னு சொன்னாத்தானே லிஃப்ட் நகரும். சும்மா 'மேல'ன்னு சொன்னா அது எங்க போய் நிக்கும்?"

"ச்சீ" என்றாள் அவள்.

அதை அவரைப் பார்த்துச் சொன்னாளா, எதிரே நின்ற ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கையும் வாயையும் சேர்த்துத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டியிருந்தாள். அதையும் மீறி அந்த நாற்றம் தொண்டைக்குள் இறங்கிக் கொழகொழவென்று உட்கார்ந்திருந்தது. அவள் இன்னும் கதவைத் திறக்கவில்லை. மூடிய பெட்டியே இப்படி என்றால், திறந்தால் என்ன ஆகும்?

அவர் சமையலறை வாசலில் முக்காலி போட்டு, டாக்டரைப் பார்க்க வந்தவர் மாதிரி இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலை நரைக்கும்வரை லிஃப்ட் ஓட்டியவர். ஒருநாள் காலையில் லிஃப்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாமல் போனது. கொஞ்ச நாளில் தெருவில் இறங்க முடியவில்லை, பிறகு போர்வைக்குள்ளிருந்தே வெளியே வர முடியவில்லை. மனநல மையத்துக்காரர்கள் அவரை இழுத்து உட்கார வைத்து, நடக்க வைத்து, இப்போது மற்றவர்களுக்குத் துணையாக அனுப்புகிறார்கள். எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பிடிக்கும்.

மையம் இருப்பது ஒரு டயர் கடையின் மாடியில். எந்நேரமும் ரப்பர் வாடை. அங்கே அவளுக்கு எதுதான் பிடித்தது? தேநீரில் ஆடை மிதக்கும். பிஸ்கட்டை வாயைத் திறந்தபடியே மெல்லும் ஒருவர் எப்போதும் அவள் பக்கத்தில் வந்து உட்காருவார். எல்லாவற்றையும்விட அந்தக் கைதட்டல். யாராவது தனியாகப் பேருந்தில் வந்தால் கைதட்டுவார்கள், முடி வெட்டிக்கொண்டு வந்தால் கைதட்டுவார்கள். ஒருமுறை அவள் தானாக எழுந்து ஜன்னலைச் சாத்தினாள் என்பதற்காக அறையே கைதட்டியது. குழந்தை முதல்முறை கழிப்பறையில் உட்கார்ந்துவிட்டது போல அவர்கள் முகமெல்லாம் பூரிப்பு. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முதல் நாளே தேநீர் ஆடையைப் பார்த்து "ச்சீ" என்று சொன்னதால் அங்கே அவளுக்கு ச்சீ மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது.

மையத்தில் உருப்படியான வழக்கம் ஒன்றே ஒன்றுதான் என்று அவள் நேற்றுவரை நம்பியிருந்தாள். நோய்க்குப் பிறகு சொந்த வீட்டுக்குத் திரும்புகிறவரோடு ஒரு துணை போவார். வாசற்கதவு திறந்தே இருக்கும். துணை உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். இன்ன வேலை என்று தெளிவாகக் கேட்டால் செய்வார். கேட்காததைச் செய்யமாட்டார். பாராட்டமாட்டார், பரிதாபப்படமாட்டார், கைதட்டவே மாட்டார். கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. இப்போது மலை மாதிரி மனிதர் ஒருவர் கண்ணெதிரே சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரமும் இல்லை. மாலையில் அக்கா வந்துவிடுவாள். தனியாக வரமாட்டாள். அத்தானின் தம்பியும் அவன் புது மனைவியும் வீட்டைப் பார்க்கக் கூடவே வருகிறார்கள்.

அப்பா இரண்டு பெண்களுக்கும் பொதுவாக விட்டுப்போன வீடு இது. மூன்றாம் மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மட்டுமே இடமுள்ள பால்கனி. அக்கா கல்யாணமாகிப் போனபின் அவள் ஒருத்திதான் இங்கே இருந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. முகத்திலிருக்கும் பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தேய்த்து அழிப்பாள். பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளால் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் போனது. குளிக்கவில்லை, சாப்பிடவில்லை, யார் தட்டியும் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் பூட்டை உடைத்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு, அக்காதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அக்கா செய்ததை இல்லை என்று சொல்ல முடியாது. வாயில் ஊட்டினாள், தலை வாரினாள், நகம் வெட்டினாள். மாத்திரையை நாக்கில் வைத்து, விழுங்கினாளா என்று பார்க்க விரலை வாய்க்குள் விட்டுத் துழாவினாள். அப்போது அவளுக்கு அந்த விரல் வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டாள். ஆனால் அவள் தேறி எழுந்து, தானே மாத்திரை போட்டு, தானே பேருந்து ஏறி மையத்துக்குப் போய்வரத் தொடங்கிய பிறகும் அந்த விரல் காலையும் மாலையும் வந்துகொண்டுதான் இருந்தது. வெங்காய வாடையோடு. பல்லின் பின்பக்கம்வரை தடவிவிட்டுப் போகும். அதன்பின் நெடுநேரம் அவள் எச்சிலைக்கூட விழுங்கமாட்டாள்.

ஸ்டூடியோ முதலாளி காலை வேளை மட்டும் வரச் சொன்னதும், தன் வீட்டுக்கே போகிறேன் என்றாள். அக்கா சிரித்தாள். பிறகு, கொழுந்தன் இடமில்லாமல் கஷ்டப்படுகிறான், வீட்டை அவனுக்குக் கொடுப்பதாகப் பேசிவிட்டோம் என்றாள். மையத்து நர்ஸ் நடுவில் புகுந்து, அவள் தானே வீட்டைச் சுத்தம் செய்து காட்டட்டும், காட்டினால் அவளுக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். அக்கா உடனே தலையாட்டிவிட்டாள். பாலில் ஆடை கட்டினாலே ஓங்கரிக்கிறவள், அந்த ஃபிரிட்ஜ் பக்கம் போவாளா என்ற தைரியம்.

காலையில் இருந்து படுக்கையறை முடிந்தது, குளியலறை முடிந்தது, பால்கனியில் புறா எச்சமும் சுரண்டியாயிற்று. மிச்சம் இது ஒன்றுதான்.

"பையைப் பிடிங்க" என்றாள்.

லிஃப்ட்காரர் எழுந்தார். கறுப்புக் குப்பைப் பையை உதறி, இரண்டு கைகளாலும் அகலமாகத் திறந்து நீட்டிப் பிடித்தார்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கைப்பிடியை இழுத்தாள். பலமாக இழுக்க வேண்டியிருக்கும், ரப்பர் பட்டை ஒட்டிப்போயிருக்கும் என்று நினைத்துக் காலை ஊன்றியிருந்தாள். கதவோ தினமும் பழகியது போல வழுக்கிக்கொண்டு திறந்தது. அவள் தடுமாறிப் பின்னால் சாய்ந்தாள்.

உள்ளே ஒரு நிறம் இல்லை, பல நிறங்கள். பச்சை, சாம்பல், காயம் ஆறும்போது வருமே அந்த மஞ்சள். தோல் நிறங்களைப் பிரித்துப் பார்த்துப் பழகிய கண் வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. தட்டுகளின் விளிம்பில் மயிர் முளைத்தது போலப் பூஞ்சை. கீழ்த் தட்டில் தேன்பாகு மாதிரி பழுப்பாக ஏதோ தேங்கி, அதில் ஈப்புழுக்களின் காய்ந்த கூடுகள் எள்ளைத் தூவியதுபோல ஒட்டிக்கிடந்தன. நாற்றம் மூக்கு வழியாக மட்டும் வரவில்லை. கண் எரிந்தது, பல் கூசியது. அவள் தொட்டிக்கு ஓடி, துப்பட்டாவை இறக்கிவிட்டு, காலையில் சாப்பிட்ட ரொட்டியை முழுக்க வாந்தியெடுத்தாள்.

லிஃப்ட்காரர் முதுகைத் தடவவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. பை அப்படியே நீட்டியபடி இருந்தது. அவள் வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பினாள்.

தட்டுகளில் வரிசையாக நீல மூடி டப்பாக்கள். எல்லாம் அக்காவுடையவை. அந்த மழைக்காலத்தில் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனவை. அவள் நள்ளிரவில் எடுத்து, திறக்காமலேயே இங்கே அடுக்கியிருக்கிறாள். ஒன்றைக்கூடத் தின்றிருக்கவில்லை. மூடிகள் வயிறு உப்பிப்போய் இருந்தன. முதல் டப்பாவை எடுத்து மூடியை நெம்பியதும் புஸ்ஸென்று காற்று பீறிட்டு முகத்திலடித்தது. சோறாக இருந்தது கறுப்புக் கூழாகியிருந்தது. அக்கா எங்கிருந்தோ இரண்டு பேருந்து மாறி வந்து வைத்துப் போன சோறு. அருவருப்போடு அழுகையும் வந்ததில் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. கூழைப் பைக்குள் கவிழ்த்தாள்.

"அண்ணா, இந்தக் கதவு ஏன் இவ்வளவு லேசா திறக்குது?"

"இது வேலையா, கேள்வியா?"

"கேள்வி."

"கேள்வின்னா சொல்லலாம். நிறைய ஆள் ஏறி இறங்குற லிஃப்ட்ல கதவு இப்படித்தான் இருக்கும்" என்றார் லிஃப்ட்காரர். "மேல ஒரு டப்பி இருக்கு பாருங்க. உங்களுதா?"

ஃபிரிட்ஜின் தலையில் அறைக்கு வாசனை அடிக்கும் டப்பி ஒன்று நின்றிருந்தது. ரோஜாப்பூ படம் போட்டது. அவள் வாழ்நாளில் அதை வாங்கியதில்லை. அழுகலின்மேல் ரோஜா அடித்தால் என்ன ஆகும் என்று எந்த மூக்குக்கும் தெரியும். எடுத்து ஆட்டிப் பார்த்தாள். முக்கால்வாசி காலி.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். பல்குத்தும் குச்சியால் கடைவாயைக் குடைந்துகொண்டே, யாரோ வந்தமாதிரி சத்தம் கேட்டதே என்று பார்க்க வந்தேன் என்றாள். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தாள். பிறகு, தேறிட்டியா, நல்லாயிட்டியா, குண்டடிச்சிட்டியே என்று அடுக்கினாள். குச்சியின் நுனியைப் பார்த்து, எதையோ சுண்டிவிட்டு, மறுபடி வாய்க்குள் விட்டாள்.

பேச்சு வளர்ந்தது. லிஃப்ட்காரர் பையை நீட்டிப் பிடித்தபடியே நின்றார். பிடிக்கச் சொன்னார்கள், விடச் சொல்லவில்லை. பையின் அடியில் கூழ் ஒழுகி ஒரு மூலை உப்பிக்கொண்டு வந்தது. எங்கோ சிறு துளை இருந்திருக்க வேண்டும், பழுப்பு நீர் சொட்டுச் சொட்டாக அவர் செருப்பில் விழுந்து விரலிடுக்கில் ஓடியது. அவர் கீழே குனிந்து பார்த்தார். காலை நகர்த்தவில்லை. எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துக் குச்சியைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்ன மனுஷன் இவரு, கால்ல ஊத்துதே" என்றவள், பதற்றத்தில் வாய்விட்டுவிட்டாள். "அன்னிக்கு வந்தவங்ககூட சமையல்கட்டு வாசல்லயே நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. இவரு என்னடான்னா மேல ஊத்திக்கிட்டு நிக்கிறாரு."

"எந்த வந்தவங்க?"

எதிர்வீட்டுக்காரி தயங்கினாள். பிறகு, ஆரம்பித்ததை முடித்துவிடுவது நல்லது என்று தோன்றியதோ என்னவோ, ஒரேயடியாகக் கொட்டினாள். அக்கா அவ்வப்போது ஆட்களைக் கூட்டிவருவாளாம். பெரியப்பா பிள்ளைகள், அத்தை மகள்கள், அத்தானின் ஆட்கள். நேராகச் சமையலறைக்குப் போவார்களாம், ஃபிரிட்ஜைத் திறப்பார்களாம், ஐயோ பாவம் என்பார்களாம், மூடிவிட்டுப் போவார்களாம். தான்கூட ஒருநாள் ஆள் வைத்துக் கழுவிவிடட்டுமா என்று அக்காவைக் கேட்டாளாம்.

"வேணாம், எல்லாரும் கண்ணால பாக்கட்டும்னு சொல்லிட்டாங்க உங்கக்கா. நான் என்னத்தைக் கண்டேன்மா."

எதிர்வீட்டுக்காரி போய்விட்டாள். அவள் லிஃப்ட்காரரிடம் பையைக் கட்டச் சொன்னாள், கீழே கொண்டுபோய்ப் போடச் சொன்னாள், காலைக் கழுவிக்கொள்ளச் சொன்னாள். அவர் மூன்றையும் அந்த வரிசைப்படியே செய்தார்.

அவள் திறந்த ஃபிரிட்ஜின் முன் உட்கார்ந்தாள். ஸ்டூடியோவில் முதலாளி முதல் நாளே சொல்லிக்கொடுத்தது, திருத்தாத படத்தை யார் கேட்டாலும் காட்டக்கூடாது என்பது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டாலும் கூடாது, அம்மாவே கேட்டாலும் கூடாது. அக்கா அவளுடைய மிக மோசமான நாட்களைக் கெடாமல், இல்லை, கெட்டது கெட்டபடியே பாதுகாத்து, கதவு போட்டு மூடி, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அத்தை மகளுக்குக் காட்டியிருக்கிறாள். அந்த அத்தை மகள் தன்னைப் பார்க்க வந்தபோது கன்னத்தைத் தட்டிவிட்டுக் கையைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டது இப்போது நினைவுக்கு வந்தது. எத்தனை பேர் இந்த நீல மூடிகளைப் பார்த்துவிட்டு, அடுத்த வேளை பசியோடு போய்ச் சாப்பிட்டார்களோ.

இப்போது குமட்டியது ஃபிரிட்ஜை நினைத்து அல்ல. அதனால் கை தானாக நீண்டது. டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து நெம்பினாள், பைக்குள் கவிழ்த்தாள், டப்பாவையும் போட்டாள். அடித்தட்டில் உறைந்திருந்ததைத் தோசைக்கரண்டியால் சுரண்டினாள். அது பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்து மணிக்கட்டில் ஒட்டியது. ஓங்கரிப்பு வந்தபோது நிறுத்தி, எட்டிப்போய்த் துப்பிவிட்டு, திரும்ப வந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள். வெந்நீர் வைங்க. இன்னொரு பை. அந்தத் தட்டை அந்தப் பக்கம் பிடிச்சு இழுங்க. இல்ல, நான் சொன்னப்புறம். லிஃப்ட்காரர் சொன்னதைச் செய்தார், சொல்லாததற்கு அசையவில்லை. போகப்போக அவளுக்குச் சொல்லவேண்டிய சொற்கள் சட்டென்று வந்தன. ஒருகட்டத்தில் அவரைப் பால்கனியில் போய்க் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு வரச் சொன்னாள். அவர் போய் வாங்கிவிட்டு வந்தார்.

ரப்பர் பட்டையின் மடிப்புக்குள் பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தபோது கறுப்பு நூல் நூலாக வந்தது. சோப்புத் தண்ணீர், பிறகு வினிகர், பிறகு மறுபடி சோப்புத் தண்ணீர். வெள்ளை தெரிய ஆரம்பித்தது. ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் கறை போகவேயில்லை. கம்ப்யூட்டராக இருந்தால் பக்கத்து வெள்ளையை எடுத்து அதன்மேல் பூசியிருப்பாள். இங்கே அது அப்படியேதான் இருக்கும்போல. கிடக்கட்டும் என்று விட்டாள். வாடையும் முழுக்கப் போகவில்லை. அவள் கையில் இருந்ததா, சுவரில் இருந்ததா, தலைமுடியில் இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தெருவில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தமும், ஓர் இளம்பெண் சிரிக்கும் சத்தமும் கேட்டன. படியில் அக்காவின் செருப்பு. அக்கா எப்போதும் முந்திக்கொண்டுதான் ஏறுவாள். வந்தவுடன் கையிலிருந்த கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனாள். அது பழக்கம்போல. பிறகு ஃபிரிட்ஜைப் பார்த்தாள். கதவு விரியத் திறந்து, உள்ளே வெறுமையாக, ஈரத்தோடு மின்னிக்கொண்டு இருந்தது. கைக்குட்டை மெல்லக் கீழே இறங்கியது.

"இதையெல்லாம் நீ எதுக்குத் தொட்ட?" அக்கா அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் காய்ந்திருந்த எதையோ கண்டு, கட்டைவிரலை நாக்கில் நனைத்துக்கொண்டு வந்து தேய்த்தாள். "எல்லாம் இவரு செஞ்சாரா?"

"பை பிடிச்சேன், வெந்நீர் வச்சேன்" என்றார் லிஃப்ட்காரர். "கேட்டாங்க."

அவள் கையை உருவிக்கொண்டாள். எச்சில் பட்ட இடத்தைத் தன் சட்டையில் அழுத்தித் துடைத்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். பார்க்கட்டும் என்றுதான் துடைத்தாள்.

"எத்தனை பேருக்குக் காட்டின அக்கா?"

அக்கா எதிர்வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே அந்தக் கதவு சரியாக அந்த நேரத்தில் மூடிக்கொண்டது.

"என்னை என்ன பேசினாங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "நல்லா இருந்த தங்கச்சியைப் பைத்தியம்னு சொல்லி அடைச்சு வச்சிட்டா, வீட்டை அமுக்கிட்டான்னு சொன்னாங்க. பெரியப்பா வீட்டுல என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. நான் என்ன பண்றது? வந்து பாருங்கடான்னு கூட்டிட்டு வந்தேன். பாத்தப்புறம்தான் வாயை மூடினாங்க. உன்னை யாருக்கும் காட்டலையே. ஃபிரிட்ஜைத்தானே காட்டினேன்."

அது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் அவளுக்கு மேலும் அருவருப்பாக இருந்தது. அக்காவின் கண்ணில் நீர் நின்றது. அந்த நீரோடேயே அவள் பார்வை சமையலறையைச் சுற்றி ஓடி, வாசனை டப்பியைத் தேடி, அது இருந்த இடம் காலியாக இருப்பதைக் கண்டது. இவள் எனக்கு ஊட்டிய கை, இவள் கதவைத் திறந்து காட்டிய கை, இரண்டும் ஒரே கை என்று அவள் நினைத்தாள். எதை வெட்டி எதை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. கிட்டே போனால் வாந்தி வந்துவிடும் என்றும் தோன்றியது.

லிஃப்ட்காரர் முக்காலியில் உட்கார்ந்து தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே இரண்டாம் மாடித் திருப்பத்தில் புது மனைவியின் குரல் கேட்டது. படிகள் செங்குத்தாக இருக்கின்றன, ஆனால் வெளிச்சம் நன்றாக வருகிறது என்று கணவனிடம் சொன்னாள். படுக்கையறை எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டாள். அவன் ஏதோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள். அக்கா வாசலைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்து, வீட்டைக் காட்ட வந்தவளின் முகத்தை எடுத்து மாட்டிக்கொள்ள முயன்றாள். அது சரியாகப் பொருந்தவில்லை.

அவள் ஈரக்கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நாற்றமடித்தது. அது தன் கை.

"அக்கா" என்றாள். "நான் சொன்னா அவங்களுக்குக் கேக்காது. நீ படியில இறங்கிப் போ. இந்த வீட்டுல ஆள் இருக்குன்னு நீயே உன் வாயால அவங்ககிட்ட சொல்லு."